சம்பந்தியம்மாவின் பேட்டரி சைக்கிள்

நவம்பர் 3, திங்கள். ஹனோய்

முடிவாகிவிட்டது. நாளை காலை நானும் சம்பந்தியம்மாவும் மலைக்குக் கிளம்புகிறோம். அங்கிருந்து சைக்கிளில்.

இங்கே குடியிருக்கும் என் மகள் எழிலும் மாப்பிள்ளை சுதர்சனும் தங்களுக்காகப் பதிவு செய்திருந்த பயணமாம் இது. வியட்நாமின் வடகோடியில், சீன எல்லையை ஒட்டிய மலைகளில், பழங்குடி மக்களின் ஊர்கள் வழியாக ஒரு வாரம் மிதிக்க வேண்டும். எழிலுக்கு இப்போது மூன்றாம் மாதம். சைக்கிள் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கோ திடீரென்று அலுவலக வேலை. "வீணாப் போயிரும்மா, நீயும் அத்தையும் போயிட்டு வாங்க" என்கிறாள். மாப்பிள்ளை கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே "ஆமாங்கத்தை" என்றார். சைக்கிள்கள்கூட எங்கள் இருவர் உயரத்துக்கும் அளவெடுத்த மாதிரி இருக்கின்றனவாம். நல்ல அதிர்ஷ்டம்.

எனக்குப் பயமில்லை. கோவில்பட்டியில் பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசி நாள்வரை சைக்கிளில்தான் பள்ளிக்குப் போனேன். சம்பந்தியம்மா சாந்தாமணி பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். ஸ்கூட்டர் ஓட்டுவார். சைக்கிள் மிதித்துப் பல காலம் ஆயிற்றாம். அதனால் அவருக்கு மட்டும் பேட்டரி வைத்த சைக்கிள்.

நான் சம்மதித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. போன மாதம் தொலைபேசியில், "கோயமுத்தூர்ல பெரிய பெரிய டாக்டருங்க இருக்காங்க டீச்சர். பிரசவத்தைய அங்கயே பாத்துக்கலாமுங்க" என்றார். மாப்பிள்ளை வீட்டார் என்பதால் சிரித்து வைத்தேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். இதில் பேச என்ன இருக்கிறது? இந்த ஒரு வாரத்துக்குள் நேரம் பார்த்து, மரியாதை குறையாமல், முடிவாகச் சொல்லிவிட வேண்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

நாள் முழுக்க வேன். சம்பந்தியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வழி நெடுகத் தூங்கினார். தூங்குகிறவரிடம் எப்படிப் பேசுவது?

வழிகாட்டியின் பெயர் லான். நாற்பது வயதிருக்கும். தை என்ற பழங்குடி இனத்தைச் சேர்ந்தவர். ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறார். அவரது கணவர்தான் வேன் ஓட்டுகிறார், எங்கள் மூட்டைகளை முன்னால் கொண்டுபோகப் போகிறவரும் அவரே.

விடுதியில் எங்களுக்கு ஒரே அறை. இரண்டு அறை கேட்டேன். "மன்னிக்க வேண்டும், வேறு அறை இல்லை" என்றார் லான். விடுதியில் எங்களைத் தவிர ஒரு ஈ, காக்காய் இல்லை.

சம்பந்தியம்மா குறட்டை விடுகிறார்.

நவம்பர் 5, புதன்

முதல் நாள் மிதிப்பு. மலை என்றால் குற்றாலம் மாதிரி நினைத்திருந்தேன். இது வேறு. கரும்பாறைகள் கூர்கூராக வானத்தைப் பார்த்து நிற்கின்றன. பாறை இடுக்கில் ஒரு கூடை மண் இருந்தால் போதும், அதில் நாலு சோளத்தட்டை நிற்கிறது. மண்ணை முதுகில் சுமந்து வந்து கொட்டி நடுகிறார்களாம்.

ஏற்றத்தில் நான் கியரை மாற்றி, மூச்சைக் கட்டுப்படுத்தி, முறையாக ஏறிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து 'ங்ங்' என்று ஒரு சத்தம். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, நெற்றியில் விபூதியோடு, சம்பந்தியம்மா என்னைத் தாண்டிப் போனார்.

"மெதுவா வாங்க டீச்சர், அவசரமில்லீங்க!"

முப்பது வருடம் நான் மற்றவர்களுக்குச் சொன்ன வார்த்தை அது.

மேலே போய்ச் சேர்ந்தபோது அவர் மோங் இனப் பெண்கள் நாலைந்து பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சணல் போன்ற ஒரு நாரைக் கைவிரலில் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டு நூலாக்குகிறார்கள். நடக்கும்போதும், பேசும்போதும், முதுகில் விறகுக் கட்டு இருக்கும்போதும் விரல் நிற்பதில்லை. ஆளுக்கொரு மடிப்புப் பாவாடை. அத்தனை மடிப்பையும் எண்ண முடியாது. நான் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கொடுத்தேன். ஒரு அம்மாள் வாயில் போட்டுவிட்டு, மறு கையையும் நீட்டினார்.

இன்று பேசவில்லை. மூச்சு வாங்கியது.

நவம்பர் 6, வியாழன்

முட்டியில் வலி ஒன்றும் இல்லை. சம்பந்தியம்மா கொடுத்த தைலத்தின் நாற்றம்தான் தாங்கவில்லை. இரண்டு முறை தடவினேன்.

நவம்பர் 7, வெள்ளி. மோங் வீடு ஒன்றில்

பேட்டரி செத்துவிட்டது. நான் சந்தோஷப்பட்டேன் என்று யாரும் நினைக்கக் கூடாது.

கணவாய்க்குப் பாதி வழியில் மழை பிடித்தது. சம்பந்தியம்மா காலையிலிருந்து அதிவேகத்திலேயே வைத்து ஓட்டியதால் சைக்கிள் 'ங்' என்று சொல்லி நின்றது. பேட்டரி இல்லாவிட்டால் அது எருமைக்கன்று கனம். இறங்கித் தள்ளினார். நானும் என் சைக்கிளை ஓரமாகப் பூட்டி வைத்துவிட்டு அவருடையதைப் பின்னாலிருந்து தள்ளினேன். எதிரே நடந்து வந்த லான், மேலே மண் சரிந்து சாலை அடைபட்டிருக்கிறது, வேன் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது, நாளைக்குத்தான் வழி திறக்கும் என்றார். சார்ஜரும் மாற்றுத்துணியும் வேனில்.

லானுக்குத் தெரிந்த வீடு ஒன்று அருகில் இருந்தது. மண்சுவர், கல்வேலி, ஓட்டுக்கூரை. வீட்டுக்காரப் பெண் பெயர் மீ. இருபத்தைந்து வயது இருக்கலாம். கணவன் சமவெளியில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறான். வீட்டில் மீயும் அவள் மாமியாரும், முதுகில் பூவேலைத் துணியில் கட்டிய ஒரு ஆண் குழந்தையும். எங்களைப் பார்த்ததும் மாமியார் கேள்வி கேட்கவில்லை, அடுப்பில் இன்னும் இரண்டு கட்டை வைத்தார். மீ தன்னுடைய பாவாடைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். மடிப்புப் பாவாடையில் சம்பந்தியம்மாவைப் பார்த்ததும் குழந்தைகூடச் சிரித்தது. என்னைப் பார்த்தும் சிரித்தது, அதை எழுதாமல் விட்டால் நியாயமில்லை.

மீ மக்காச்சோளம் அரைத்துக்கொண்டிருந்தாள். பெரிய திரிகைக் கல். கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும் நீளமான கைப்பிடி. சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டார்.

"இதென்னங்க டீச்சர், நம்ம ஊட்டு ராயி அரைக்கற கல்லாட்டவே இருக்குது! சோளத்தைய நீங்க போடுங்க, நான் சுத்தறேன்."

நான் குழியில் சோளம் போட்டேன், அவர் சுற்றினார். முதலில் என் கையை இடித்தார். அப்புறம் பழகிவிட்டது. அந்த மாவைத் தண்ணீர் தெளித்துப் பிசிறி இரண்டு முறை ஆவியில் வேகவைக்கிறார்கள். புட்டு மாதிரி உதிர்கிறது. கீரைக் குழம்போடு சாப்பிட்டோம். சம்பந்தியம்மா பையிலிருந்து கொள்ளுப்பொடி எடுத்துத் தூவினார். மாமியார் ஒரு விரலில் தொட்டு நக்கிவிட்டு, பொட்டலத்தையே தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அப்போதுதான் சம்பந்தியம்மா லானிடம், "இந்தக் கொழந்தை அவங்கம்மா ஊட்லயா பொறந்துது, கேளுங்க" என்றார். நான் மொழிபெயர்த்துக் கேட்டேன். இந்த வாயால் கேட்டேன்.

மீ சிரித்துக்கொண்டே இல்லையென்று வேகமாகத் தலையாட்டினாள். லான் சொன்னார்: மோங் வழக்கப்படி கல்யாணமான பெண் பிறந்த வீட்டில் பிள்ளை பெறக் கூடாது. அவள் கணவன் வீட்டு முன்னோர்களுக்கு உரியவள். பிள்ளை பிறந்தால் ஒரு மாதம் மாமியார்தான் மூன்று வேளையும் பச்சிலை போட்ட கோழிக்குழம்பும் சுடுசோறும் சமைத்துப் போட வேண்டும். மீக்கு அப்படித்தான் நடந்தது.

சம்பந்தியம்மாவின் முகத்தை விவரிக்க விரும்பவில்லை.

"பாத்தீங்களா டீச்சர்?"

"அவங்க வழக்கம் அவங்களுக்கு, சம்பந்தியம்மா."

"நான் ஒண்ணுமே சொல்லலீங்களே!"

நவம்பர் 8, சனி

வீட்டில் மின்சாரம் இருந்தது, சார்ஜர் இல்லை. ஆகவே காலையில் மறுபடி தள்ளல். மழை விட்டிருந்தது. கணவாய் உச்சிவரை ஏற்றம். லான் என் சைக்கிளை ஓட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார். எங்களுக்குக் கீழே மேகம் கிடந்தது.

இன்று பேசிவிடுவது என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"எனக்குப் பாக்கறதுக்கு ஆளில்லீங்க டீச்சர்."

"என்னது?"

"சுதர்சன் பொறந்தப்ப. எங்கம்மா நான் பத்தாவது படிக்கைலயே போயிட்டாங்க. அப்பனூட்டுக்குப் போனா அங்க ஆரு இருக்கறாங்க? இங்க எம் மாமியா, பெத்த மூணாம் நாளே சாணி வழிக்கச் சொன்னாங்க. குத்தஞ் சொல்லலீங்க, அவங்களுக்கு அப்புடித்தான் நடந்துருக்கும். எனக்கு ஒரு வாய் பூண்டுக்கொழம்பு வெச்சுக் குடுக்க ஆளில்ல. பாத்ரூம்ல நின்னு அழுவேன். அப்பவே நெனச்சனுங்க, எனக்குன்னு ஒரு மருமக வந்தா அவளைய ஒரு சொம்பு தூக்க உடக் கூடாதுன்னு. ரெண்டும் பையனாப் போச்சுங்களே. வேற ஆருக்கு நான் செய்யறது?"

சைக்கிளைத் தள்ளியபடியே, முன்னால் பார்த்தபடியே சொன்னார். அழவில்லை. மூச்சு வாங்கியதால் நடுநடுவே நிறுத்தினார், அவ்வளவுதான்.

நான் பேச வந்ததைப் பேசவில்லை. பின்சக்கரத்தில் பிரேக் உரசுவது போலத் தோன்றியது. குனிந்து ரொம்ப நேரம் பார்த்தேன். உரசவில்லை.

கணவாய் உச்சியில் வேன் நின்றிருந்தது. லான் யாரிடமோ ஆங்கிலத்தில் கைபேசியில், "ஆமாம், பேசுகிறார்கள், நன்றாகவே பேசுகிறார்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அலுவலகத்தில் எல்லாவற்றையும் விசாரிப்பார்கள் போல.

நவம்பர் 9, ஞாயிறு

சந்தை. இத்தனை நிறங்களை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. பன்றிக்குட்டியைக் கயிற்றில் கட்டி நடத்தி வருகிறார்கள், நாய்க்குட்டி மாதிரி. பறவைக் கூண்டோடு வந்த ஆண்கள் கூண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது நன்றாகப் பாடுகிறது என்று பார்க்கிறார்கள். சம்பந்தியம்மா மடிப்புப் பாவாடை ஒன்று வாங்கினார். பொள்ளாச்சியில் எங்கே கட்டுவார் என்று கேட்டேன். "தோப்புக்குள்ள ஆரு பாக்கறாங்க" என்கிறார்.

ஒரு பாட்டிலில் தண்ணீர் என்று நினைத்து ஒரு மிடறு குடித்துவிட்டேன். சோளத்தில் காய்ச்சிய சாராயம். பெண்கள் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியை! சம்பந்தியம்மா சிரித்த சிரிப்பில் பன்றிக்குட்டிகள் மிரண்டன. மாப்பிள்ளையிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். முகர்ந்து பார்க்கிறேன் என்று அவரும் ஒரு மிடறு குடித்தார். ஆகையால் சொல்ல மாட்டார்.

நவம்பர் 10, திங்கள். லானின் ஊர்

மலையிலிருந்து இறங்கிவிட்டோம். பள்ளத்தாக்கு, ஆறு, அறுத்த வயல். கண்ணுக்கு நம்ம ஊர்ப் பக்கம் மாதிரி இருக்கிறது. இங்கே இருப்பவர்கள் லானின் தை மக்கள். தூண்கள் மேல் மரவீடுகள். கீழே கோழியும் மோட்டார் சைக்கிளும், மேலே மனிதர்கள்.

லானின் சித்தி மகள் வீட்டில் கல்யாணம். எங்களையும் கூட்டிப்போனார். மாப்பிள்ளை வீட்டார் வந்ததும் படிக்கட்டின் குறுக்கே ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு பெண்வீட்டார் வழி மறித்தார்கள். பாடினால்தான் விடுவார்களாம். மாப்பிள்ளை சார்பில் வந்த பெரியவர் பாட, இவர்கள் பதிலுக்குப் பாட, ஒரே கேலி. ஐந்து நிறத்தில் ஒட்டுச்சோறு. எல்லாம் இலையிலும் பூவிலும் எடுத்த சாயம். சம்பந்தியம்மா மஞ்சளைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "மஞ்சத்தூள் இல்லீங்க" என்று எனக்கு அறிக்கை கொடுத்தார்.

மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தட்டுகளில் ஒன்றில் வெறும் துணி இருந்தது. வெள்ளைத் துணி, ஒரு முனை மட்டும் சிவப்பு. பட்டில்லை, சரிகையில்லை. அதை மணப்பெண்ணின் அம்மாவின் இரண்டு கையிலும் வைத்தார்கள். அதுவரை எல்லோரையும் அதட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்த அந்த அம்மாள் அப்படியே நின்றுவிட்டார்.

லான் எங்கள் காதருகே சொன்னார். அதற்குப் பெயரே ஈரமும் உலர்வும் சேர்ந்த துணி என்பதாம். குழந்தை படுக்கையை நனைத்தால் அம்மா ஈரத்தில் தான் படுத்துக்கொண்டு, குழந்தையை உலர்ந்த பக்கம் போடுகிறாள். அந்த இரவுகளுக்காக மாப்பிள்ளை வீடு கொடுக்கும் துணி இது. இதைக் கொடுக்காமல் பெண்ணை அழைத்துப் போக முடியாது.

எழிலின் அப்பா இறந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. வாடகை வீடு. ஐப்பசி மழையில் கூரை ஒழுகும். ஒரே மூலைதான் காய்ந்திருக்கும்.

பந்தியில் மிளகாய்க் காரம் அதிகம். நான் கீழே இறங்கிப் போய்க் குளத்தில் வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் சம்பந்தியம்மாவும் வந்து பக்கத்தில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இந்த வாத்து நம்மூரு வாத்தாட்டவே இருக்குதுங்களே."

"கழுத்து கொஞ்சம் நீளம்."

"ஆமாங், கழுத்து நீளந்தானுங்க."

கண் காயும்வரை வாத்துகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நல்ல வாத்துகள்.

பிறகு மேலே போனதும் அவர் லானிடம், "இந்தத் துணியை மாப்பிள்ளையோட அம்மாதான் குடுக்கோணுமா?" என்று என்னைக் கேட்கச் சொன்னார். அவர் வீட்டிலிருந்துதான் வரும் என்றார் லான். அதற்கப்புறம் சம்பந்தியம்மா ஒட்டுச்சோறுகூட இரண்டாம் முறை வாங்கவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

கடைசி நாள் மிதிப்பு. மூன்று நாளாக யோசித்து நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஆற்றோரச் சாலையில் இளஞ்சிவப்பாய்ப் பூத்துக் கிடந்த ஒரு வயலருகே சைக்கிளை நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார்.

"சம்பந்தியம்மா, ஒண்ணு சொல்லணும்."

"நானுஞ் சொல்லோணுமுங்க. பிரசவத்தைய உங்க ஊட்லயே வெச்சுக்கலாம்."

நான் திகைத்துப் போனேன். "அதெப்படி? கோயமுத்தூர்லதான். நான் முடிவு பண்ணிட்டேன்லா."

"நீங்க என்னங்க முடிவு பண்றது? புள்ளையப் பெத்து, ஒத்தையாளா வளத்து உட்டவிய நீங்க. கோயில்பட்டிலதான்."

"அவளுக்கு நான் நெறைய செஞ்சாச்சு. இனிமே நீங்க செய்யுங்க. நீங்க ஆசைப்பட்டது எனக்குத் தெரியும்."

"எனக்கொண்ணும் ஆசையில்லீங்க!"

"மலைமேல சொன்னது என்னவாம்?"

"அது சும்மா மூச்சு வாங்குனப்பச் சொன்னதுங்க!"

"அப்ப நான் மட்டும் மூச்சு வாங்கலியா?"

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. வயலில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லான் பயந்துபோய் எங்கிருந்தோ இரண்டு கோப்பைத் தேநீர் வாங்கி வந்து, ஆளுக்கு ஒன்று கையில் திணித்தார். குடித்துவிட்டுத் தொடர்ந்தோம். "உங்க ஊர்ல தண்ணிப் பஞ்சம்" என்று நானே என் ஊரைச் சொல்லிவிட்டு, "எங்க ஊர்ல" என்று திருத்த வேண்டியிருந்தது. அவரோ கோயம்புத்தூர் டாக்டர்கள் எல்லோரும் காசு பிடுங்குகிறவர்கள் என்றார். போன மாதம் அதே டாக்டர்களை எப்படிப் புகழ்ந்தவர்!

அப்போது எழில் காணொளியில் அழைத்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. ஒரு விஷயம் சொல்லணும். பிரசவம் இங்க ஹனோய்லதான். ஆஸ்பத்திரில பதிஞ்சாச்சு. நீங்க ரெண்டு பேரும் வந்து ரெண்டு மாசம் இருந்துட்டுப் போங்க."

நானும் சம்பந்தியம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"ஏங்கண்ணு," என்றார் அவர், "எங்களைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நாங்க ரெண்டு பேரும் உயிரோடதான் இருக்கோம்" என்றேன் நான்.

"இல்லம்மா, நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுவீங்களோன்னு..."

"சண்டையா? யாரு சண்டை போட்டது?" என்றோம் இரண்டு பேரும். சம்பந்தியம்மா என் கையிலிருந்த கைபேசியில் சிவப்பை அமுக்கி அழைப்பைத் துண்டித்தார். நான் அதைப் பைக்குள் அடியில் போட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டே மிதித்ததில், கடைசி ஏற்றம் எப்போது வந்து எப்போது முடிந்தது என்று தெரியவில்லை.

நவம்பர் 13, வியாழன். ஹனோய்

நேற்று வந்து சேர்ந்தோம். எழிலிடம் ஒரு வேளை பேசாமல் இருந்தோம். இருவரும் சேர்ந்து பேசாமல் இருந்ததால் அதிகம் தாங்கவில்லை. பேசுவதற்கு எத்தனையோ இருந்தது.

இன்று காலை நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நானும் அவரும் வெளியே போனோம். லான் சொன்ன தெருவில் வரிசையாகச் சைக்கிள் கடைகள். சம்பந்தியம்மா தமிழில் பேரம் பேசினார், கடைக்காரர் வியட்நாமியத்தில் பேசினார், பேரம் படிந்தது. நான் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, செயினைச் சோதித்து, பிரேக்கைப் பிடித்துத் தேர்ந்தெடுத்தேன். இரண்டும் புதுசு. ஒன்று பச்சை, ஒன்று ஊதா. முன்னால் கூடை. சந்தைக்குப் போய்க் கோழியும் கீரையும் வாங்கி வர அது வேண்டும் என்றார். பின்னால் குழந்தை இருக்கை மாட்ட இடம் இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டேன்.

லிஃப்டில் ஒவ்வொன்றாக ஏற்றி வீட்டு வரவேற்பறையில் கொண்டுபோய் நிறுத்தினோம். அறையில் அதற்கப்புறம் நடக்க இடமில்லை. மாப்பிள்ளை சோபாவின் மேல் ஏறி நின்றுகொண்டார்.

"அம்மா," என்றாள் எழில், "ரெண்டு மாசத்துக்கு எதுக்கு ரெண்டு சைக்கிள்?"

சம்பந்தியம்மா துப்பட்டாவால் ஊதா சைக்கிளின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசம்னு ஆரு கண்ணு சொன்னது?" என்றார்.

நான் பச்சை சைக்கிளின் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தேன். நன்றாகக் கேட்கிறது.